பேராதனையில் ஒரு மாலைக் கூத்து

மட்டக்களப்பு ஊர்களிலே கூத்து இராமுழுதும் நிகழ்வது. வட்டக்களரியைச் சூழ்ந்து நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். அக்கூத்தை ஒரு மாலைப்பொழுதில் அடக்கிய பணி கண்டி நகருக்கு அணித்தேயுள்ள பேராதனையில் நிகழ்ந்தது. அங்குப் பல்கலைக்கழகத்திற் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், மாணவரைக் கொண்டு 1962இல் வடமோடியான 'கர்ணன் போர்', 1963இல் தென்மோடியான 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார்.

மண்டபத்தில் அவையோர் ஒரு புறத்தேதான் இருப்பர்; விடியும்வரை இரார். ஆதலால், மீளமீள வரும் பாடல்களும் நெடிய வரவாட்டங்களும் சுருங்கின. வட்டமாய் ஆடியோர் அவையை நோக்கி ஆடப் பயின்றனர். மத்தளமும் தாளக்கட்டும் மட்டும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. அவை போயின் கூத்து ஏது?

இம்முயற்சிக்குத் தூண்டுகோலாய் நின்றது சிங்கள அரங்கு. அதே பல்கலைக்கழகத்து ஆசிரியர் எதிரிவீர சரச்சந்திரர், 1956இல் 'மனமே'யைப் பழைய 'நாடகம' மரபைத் தழுவி ஆக்கினார். 1961இல் அவருடைய 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஆடப்பட்டது. அந்த 'நாடகம' மரபோ தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்றதே! கொடுத்த வித்து விளைந்து வீடு திரும்பியது எனலாம்.

சுருக்கத்தால் இழப்பும் உண்டு. இராமுழுதும் விழித்திருந்த ஊர் கர்ணனுக்காகக் கலங்குவதுபோல், ஒரு மாலை மட்டும் அமர்ந்த அவை கலங்குமா? எனினும், பாமரர் பொழுதுபோக்கென்று கூத்தை ஒதுக்கிய படித்தோர் மத்தள ஒலிக்குச் செவிசாய்த்தது அம்மாலைகளிலேதான். இராவணனாய் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி, 'இராவணேசனை'ப் புதுக்கி மட்டக்களப்பிலேயே மீண்டும் ஆடச் செய்தார்.