குளிர்காலத் தொடக்கத்தில் இமயமலைப் பாதைகள்

மழைக்காலம் ஓய்ந்தபின் இமயமலையில் வானம் தெளிந்து, பகல் வெயில் இதமாக இருக்கும். பாதையில் பனியும் சொற்பமாகவே காணப்படும். ஆயினும், நவம்பர், டிசம்பர் மாதங்களில் இப்பாதைகளில் நடப்போருக்கு நேரும் இடர்கள் பல. அவற்றின் காரணங்களை அறிந்தோர் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க இயலும்.

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் காற்றின் உஷ்ணநிலை சராசரியாக ஆறரை பாகை செல்சியஸ் குறைகிறது. 2,000 மீட்டர் உயரத்திலுள்ள கிராமத்தில் 8 பாகை இருக்குமாயின், 3,500 மீட்டர் உயரத்தில் அது உறைநிலைக்கு ஏறத்தாழ 2 பாகை கீழே இருக்கும். கீழே மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும்.

பகல் வெயிலில் உருகும் பனிநீர் பாதைக் கற்களின்மீது வழிந்து, மாலையில் கண்ணாடி போன்ற பனிக்கட்டியாக உறைகிறது. மெல்லியதாகவும் நிறமற்றதாகவும் இருப்பதால் அது எளிதில் புலப்படுவதில்லை. வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் படாமையால் நண்பகலிலும் அது உருகாதிருக்கும். டிசம்பரில் இப்பகுதியில் பகற்பொழுது சுமார் 10 மணி நேரமே. ஆதலால் தாமதித்துப் புறப்படுவோர், பாதை உறையும் வேளையில் இறங்க நேரிடுகிறது.

குளிரைக் காட்டிலும் ஈரமும் காற்றும் கொடியவை. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. வியர்வையில் நனைந்த பருத்தி ஆடை எளிதில் உலர்வதில்லை. கம்பளி ஆடையோ நனைந்தபோதும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம் ஆகியன தோன்றும். அறிவும் மங்குவதால், பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணரார். உடன் செல்வோரே கண்டறிதல் வேண்டும். அவரைக் காற்றுப் படாத இடத்திற்குக் கொண்டுசென்று, ஈர ஆடையை நீக்கி, உலர்ந்த போர்வையால் போர்த்தி, நினைவு தெளிவாக இருப்பின் இனிப்பான சூடான பானம் அளிக்கலாம். மது கூடவே கூடாது. அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து வெப்ப இழப்பை மிகுதிப்படுத்தும்.

வானிலை அறிவிப்பைப் புறக்கணித்தலும் தகாது. 2014 அக்டோபர் 12ஆம் நாள் விசாகப்பட்டினத்தருகே கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம், இரண்டே நாட்களில் நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியில் கடும் பனிப்பொழிவாக மாறியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தோராங் கணவாயையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கிய அப்பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிர்காலம் முறைப்படி தொடங்குமுன்னரே இது நிகழ்ந்தது. தொலைவிலுள்ள கடலில் தோன்றும் புயலும் மலையேறுவோர் கவனிக்கத்தக்கதே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, களப்பணியாளரும் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் விடியலில் புறப்படுதல், மாற்று உலர் ஆடையும் கைவிளக்கும் வைத்திருத்தல், செல்லும் வழியைக் கிராமத்தாரிடம் தெரிவித்தல் ஆகியவற்றைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். திரும்ப வேண்டிய நேரத்தையும் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்வது நலம். அந்நேரம் வந்ததும், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுதல் வேண்டும்.