பஸ் தரிப்பிடத்தில் வரும் பயம்

உயர்தரத்தில் படிக்கும் எனக்கு வாரத்தில் மூன்று நாட்கள் நகரத்தில் பிரத்தியேக வகுப்பு உண்டு. வகுப்பு முடியும்போது மஃரிபுக்கு அதிக நேரம் இருக்காது. மழை நாட்களில் அதற்கு முன்பே இருட்டிவிடும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸை இரண்டு தரிப்பிடங்களில் எதிலும் பிடிக்கலாம். ஒன்றில் நிற்கும்போது குறிப்புப் புத்தகத்தைத் திறந்து படிப்பேன். மற்றதில் நிற்கும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் இடையே ஐந்து நிமிட நடைதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் உடலைப் பார்ப்போம். நம் மூளையில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகளில் ஆபத்தின் அறிகுறி உண்டா என்பதை, நாம் யோசித்து முடிக்கும் முன்பே அது கவனித்துவிடுகிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆகவே பயம் கோழைத்தனம் அல்ல. அல்லாஹ் நம்முள் வைத்திருக்கும் ஒரு காவல். அந்தக் காவல் சில வேளை தவறாகவும் எச்சரிக்கலாம். ஆனாலும் அது ஏன் எழுந்தது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

எப்படித் தேடுவது? கனடாவின் டொரண்டோ நகரில் மெட்ராக் என்ற அமைப்பு 1989இல் ஒரு வழி காட்டியது. பெண்கள் தாங்களே ஓர் இடத்தில் நடந்து, அதன் குறைகளைக் குறித்துக்கொள்வதே அம்முறை. இந்தியாவில் 2013இல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் தொடங்கிய சேஃப்டிபின் செயலி அதைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. வெளிச்சம், திறந்த வெளி, பிறர் பார்வையில் படுதல், ஆள் நடமாட்டம், பெண்களின் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து என்று எட்டு விடயங்கள் அதில் கணிக்கப்படுகின்றன. ஒன்பதாவது, அங்கு நிற்பவரின் உணர்வு. நம் மனதுக்குப் படுவதும் ஓர் அளவுகோல்தான்!

அந்தப் பட்டியலைக்கொண்டு என் தரிப்பிடங்களைப் பார்த்தேன். முதலாவதின் எதிரே மருந்துக்கடையும் பேக்கரியும் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். சாமான் பைகளோடு பெண்களும் காத்திருப்பார்கள். இரண்டாவதில் தெருவிளக்கு எரிவதில்லை. பின்னால் நீண்ட மதில். முன்னால் நிறுத்தப்படும் லொறிகள் எங்களை வீதியிலிருந்து மறைத்துவிடும். என் பயத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது.

ஆட்கள் நிறைய இருந்தால் மட்டும் போதாது. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம் நடக்கும் வீதியில் காலையில் நல்ல கூட்டம் இருக்கும். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் நாங்கள் வேகமாகக் கடந்துவிடுவோம். காரணம், அங்கு நிற்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள்.

இந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 சதவீதப் பெண்கள் கூறினார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் ஏன் பேசவில்லை?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றைச் சொல்கிறேன். சென்ற வருடம் பஸ்ஸில் எனக்கும் அப்படியொன்று நடந்தது. உம்மாவிடம் சொல்ல இரண்டு கிழமை ஆயிற்று. அந்த மனிதனை நினைத்துப் பயந்ததைவிட, "இனி வகுப்புக்குப் போக வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்றுதான் அதிகம் பயந்தேன். அல்ஹம்துலில்லாஹ், வாப்பா அப்படிச் சொல்லவில்லை. எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டார். மறுநாள் என்னோடு வந்து, அந்த இருண்ட தரிப்பிடத்தில் அரை மணி நேரம் நின்றார். "எனக்கே இங்க நிக்க ஒரு மாதிரியா இருக்கு, மகள்" என்றார்.

அன்றிலிருந்து நான் முதலாவது தரிப்பிடத்தில் மட்டும் நிற்கிறேன். ஆனால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் என் தோழிக்கு அந்த வசதி இல்லை. அவளுடைய தோட்டத்துக்குப் போகும் பஸ் இரண்டாவதில்தான் நிற்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸும் இல்லை. நான் இடம் மாறியதால் அவளுக்கு விளக்கு எரியவில்லை. அதனால்தான் வாப்பாவும் பக்கத்துக் கடைக்காரர்களும் கையொப்பமிட்டு, விளக்கைத் திருத்தவும் லொறிகளை அகற்றவும் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

பாதையோரம் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். பார்வையைத் தாழ்த்துவதும் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் அதில் அடங்கும். அந்தப் பொறுப்பு அங்கே அமர்ந்திருப்போர் மீதே வைக்கப்பட்டது. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவும் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. உதவிக்குப் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

பெற்றோரே, உங்கள் மகள் "அந்த இடம் பயமாக இருக்கிறது" என்றால் அவளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் அவளோடு அங்கே போய் நின்று பாருங்கள். தங்கைகளே, நீங்களும் சொல்லத் தயங்காதீர்கள். நாம் சொன்னால்தான் அந்த விளக்கு எரியும்.