மதர்போர்டு மாறினால் உரிமம் யாருடையது?

ரேமைக் கூட்டினாலோ ஹார்டு டிஸ்கை மாற்றினாலோ விண்டோஸ் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மதர்போர்டை மாற்றினால்தான் 'ஆக்டிவேட் செய்யுங்கள்' என்று திரையின் மூலையில் வந்து நிற்கும். 2001-இல் எக்ஸ்பியோடு வந்த ஏற்பாடு இது: பாகங்களின் விவரங்களைக் கொண்டு கணினிக்கு ஓர் அடையாளம் உருவாக்கி, அதனோடு உரிமத்தைப் பிணைக்கிறார்கள். ஒரே கீயைப் பத்துக் கணினியில் போடுவதை வேறெப்படித் தடுப்பது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2016-இல் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்டே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷனுக்குப் போய், ட்ரபிள்ஷூட்டரில் 'அண்மையில் ஹார்டுவேரை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய கணினியின் பெயரைக் காட்டலாம். கணக்கை வைத்தே வாங்கியவரை அடையாளம் காண முடியும்போது, பலகையைப் பிடித்துத் தொங்குவானேன்?

தனியாக வாங்கிய உரிமத்துக்குத்தான் இந்த வசதி முழுமையாகக் கிடைக்கும். கணினியோடு வரும் ஓ.இ.எம். உரிமம் மலிவு, ஆகவே அந்தக் கணினியோடு முடியும் என்பது மறுவாதம். மலிவுக்கு நிபந்தனை இருக்கட்டும். அதை விற்கும்போதே பில்லில் தெளிவாக எழுத வேண்டும். கணக்கோடு இணைக்கும் வேலையை இன்றே முடித்துவிடுங்கள். பலகை செத்த பிறகு, இணைப்பதற்கான திரைக்கே போக முடியாது.