ஊரார் எழுப்பிய மருத்துவமனைகள்

பொருளுடையார் நோயுற்றால் மருத்துவர் இல்லந்தேடி வருவார். பொருளில்லார் நோயுற்றால் எங்கே செல்வார்? பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் எழுந்த இவ்வினாவே அந்நாட்டுப் பொது மருத்துவமனைகள் தோன்றக் காரணமாயிற்று.

1751ஆம் ஆண்டில் தாமஸ் பாண்ட் என்னும் மருத்துவரும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் முயன்று பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா மருத்துவமனையை நிறுவினர். மக்கள் 2,000 பவுன் திரட்டினால் அரசும் 2,000 பவுன் வழங்குதல் வேண்டும் என்பது ஃபிராங்க்ளின் வகுத்த ஏற்பாடாகும். ஊரார் கொடை ஒரு பாதி, அரசின் உதவி மறுபாதி என்னும் இந்நெறி பின்வந்த வரலாற்றிலும் தொடர்ந்து காணப்படுகிறது.

தொடக்கத்தில் மருத்துவமனை ஏழைகளின் புகலிடமாகவே விளங்கிற்று. 1846இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ஈதர் கொண்டு நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை மருத்துவம் புரிந்து காட்டினர். பின்னர்க் கிருமிநீக்க முறைகளும் எக்ஸ் கதிரும் வந்தன. இல்லத்தில் இயலாத மருத்துவம் பெருகவே, செல்வரும் மருத்துவமனையை நாடலாயினர். 1873இல் இருநூறுக்கும் குறைவாக இருந்த மருத்துவமனைகள் 1909க்குள் நான்காயிரத்தைக் கடந்தன.

ஆயினும் சிற்றூர்களும் தென்மாநிலங்களும் பின்தங்கியே இருந்தன. இக்குறை நீக்க 1946இல் ஹில்-பர்ட்டன் சட்டம் இயற்றப்பட்டது. ஆயிரவர்க்கு 4.5 படுக்கைகள் என்பது அதன் இலக்கு. நடுவணரசு ஒரு பங்கு தர, எஞ்சியதை மாநிலமும் உள்ளூரும் ஈட்டின. இவ்வாறு எழுந்த வட்டார மருத்துவமனைகள் மகப்பேறு முதல் விபத்து வரை அனைத்திற்கும் அருகிலிருந்து உதவின; பல ஊர்களில் மிகுதியானோர்க்கு வேலையளிக்கும் நிறுவனமாகவும் விளங்கின.

இவ்வரலாற்றில் கறையும் உண்டு. கறுப்பின மக்களுக்குத் தனி மருத்துவமனை அமைத்தால் போதும் என அச்சட்டம் இடமளித்தது. அவர்தம் வரியும் சேர்ந்த பணத்தில் எழுந்த கட்டடங்களே அவர்களுக்குக் கதவடைத்தன. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் நோயாளிகளும் தொடுத்த வழக்கில், 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், 1965இல் முதியோர்க்கென வந்த மெடிகேர் காப்பீடும் எஞ்சிய கதவுகளைத் திறக்கச் செய்தன. பாகுபாடு காட்டும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் இல்லை என அரசு உறுதிகாட்டியதே அதற்குக் காரணம்.

கட்டுதல் எளிது, காத்தல் அரிது. நோயின் வகைக்கேற்ப முன்னரே வரையறுத்த தொகையைத் தரும் முறையை மெடிகேர் 1983இல் மேற்கொண்டது. நோயாளிகள் குறைந்த சிறு மருத்துவமனைகள் இதனால் தளர்ந்தன. அவற்றைத் தாங்க 1997இல் தனிச் சலுகை ஏற்பட்டது. இன்று 25 படுக்கைகளுக்கு மேற்படாத ஊர்ப்புற மருத்துவமனைகள் பல அதனைப் பெறுகின்றன. அங்ஙனமிருந்தும் 2010க்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்ப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன. அல்லது உள்நோயாளரை ஏற்பதை நிறுத்தின. அவ்வூர்களில் மாரடைப்புற்றவரும் பேறுகாலப் பெண்ணும் நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது.

கட்டடத்திற்கு ஒருமுறை ஈந்தால் போதும். இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் நாள்தோறும் ஈதல் வேண்டும். யாவர்க்கும் கதவு திறந்திருத்தலும், அக்கதவு நாளையும் திறந்திருக்க ஊரும் அரசும் பொறுப்பேற்றலும் ஆகிய இவ்விரண்டுமே மருத்துவமனையின் உயிர் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.