எல்லாம் கேட்கிறது, பாட்டைக் காணோம்

1978-ல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்றொரு சின்ன ஸ்பீக்கரை விற்பனைக்கு விட்டது. கறுப்புப் பெட்டி, வெள்ளைக் காகிதக் கூம்பு. வீட்டு அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்தது. வீடுகளில் அது எடுபடவில்லை. பேஸ் குறைவு, குரலும் கிடாரும் முன்னால் வந்து அறைகின்றன, கொஞ்ச நேரத்திலேயே காது சலித்துவிடுகிறது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

வீட்டில் விலைபோகாத அந்தப் பெட்டியை 1980-களில் அமெரிக்க, ஆங்கிலேய ஸ்டுடியோக்கள் எடுத்துக்கொண்டன. மிக்சிங் மேசைக்கு மேல் வெள்ளைக் கூம்போடு ஒரு ஜோடி இல்லாத பெரிய ஸ்டுடியோவே இல்லை என்னும் நிலை வந்தது. அப்போதும் ஒலிப்பொறியாளர்கள் உச்ச ஒலிகளைத் தரும் அதன் ட்வீட்டரைப் பொறுக்க முடியாமல், அதன்மேல் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டி வேலை பார்த்தார்கள். பாப் கிளியர்மவுன்டன் என்ற புகழ்பெற்ற மிக்சிங் பொறியாளரின் பெயரோடு சேர்த்தே இந்தப் பழக்கம் இன்றும் பேசப்படுகிறது. எந்த டிஷ்யூ, எத்தனை மடிப்பு என்று வாக்குவாதம் முற்றியதில், பாப் ஹோடாஸ் என்பவர் 1986-ல் பலவகைத் தாள்களை ஒட்டி அளந்து ஒரு கட்டுரையே எழுதினார். யமஹாவும் புரிந்துகொண்டு, ட்வீட்டரைச் சற்று அடக்கி ‘ஸ்டுடியோ’ என்ற பின்னொட்டோடு புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது.

கேட்கவே பிடிக்காத ஸ்பீக்கரை எதற்கு வைத்துக்கொண்டார்கள்? தப்பு எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்தது. பாடகரின் குரலை வயலின் மறைக்கிறதா, ஒரு வெட்டு சரியாக ஒட்டவில்லையா, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ‘இதில் நன்றாகக் கேட்டால் எதில் போட்டாலும் நன்றாகக் கேட்கும்’ என்பது அந்தத் தொழிலில் வழங்கிவந்த பேச்சு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சுமார் 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அதன் ஒலி மேடிட்டிருக்கும். பாட்டின் சொற்களும் பெரும்பாலான வாத்தியங்களின் மேற்சுரங்களும் நெருக்கியடித்து நிற்கிற இடம் அது. இரண்டாவது காரணம் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. பிலிப் நியூவெல், கீத் ஹாலந்து ஆகியோர் முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஸ்பீக்கர்களை எதிரொலியற்ற அறையில் வைத்து அளந்தார்கள். என்எஸ்-10 முழுதாக மூடிய பெட்டி, காற்றுத்துளை கிடையாது. அதனால் பேஸ் ஒலி நின்றதும் அது சட்டென அடங்கிவிடுகிறது. துளை வைத்த பெட்டிகளில் பேஸ் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அடி நின்ற பிறகும் கொஞ்சம் முனகும்.

அது ஸ்டுடியோவின் தேவை. வீட்டு ஆடியோவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு சொல் வந்துவிழும்: டீடெயில். ‘இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறது சார், பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது.’ கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த டீடெயிலில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பதிவில் உள்ள எல்லாம் அதனதன் அளவில் வருவது. மற்றது, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நாலைந்து டெசிபல் தூக்கிவிட்டு வருவது. இரண்டாவது வகைதான் கடையில் ஜெயிக்கும்.

காரணம் நம் காதின் அமைப்பு. காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒருபக்கம் மூடிய குழாய். அப்படிப்பட்ட குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு கொடுக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அங்கே கொஞ்சம் ஏற்றினால் மூச்சு, விரல் நரம்பில் உரசுவது, ஜால்ராவின் விளிம்பு எல்லாம் எழுந்து நிற்கும். காரத்தைக் கூட்டினால் முதல் கவளத்தில் ருசி கூடியது போலிருக்கும், பந்தி முடிவதற்குள் தண்ணீர் தேட வேண்டியதாகிவிடும், அதே கதைதான். ஐந்து நிமிட டெமோவில் மயக்கிய ஸ்பீக்கரை ஒரு மாதம் கழித்து வால்யூமைக் குறைத்துக் குறைத்துக் கேட்கிறவர்கள் ஏராளம்.

தம்பூரா ஒன்றைப் போட்டுப் பாருங்கள், இது உடனே விளங்கும். தம்பூராவின் குதிரைக்கும் நரம்புக்கும் நடுவே ஜீவா என்கிற நூல் இருக்கிறது. அந்த நூலும் குதிரையின் வளைந்த முகமும் சேர்ந்துதான் நரம்பில் வரிசையாக மேற்சுரங்களை எழுப்புகின்றன. மீட்டும் இடத்தைப் பொறுத்து எழவே கூடாத மேற்சுரங்கள்கூட இதில் எழுகின்றன என்று சி.வி. ராமன் 1921-ல் எழுதினார். சமநிலையுள்ள ஸ்பீக்கரில் இந்த ரீங்காரம் பாடகருக்குப் பின்னால் படுதா மாதிரி விரிந்து நிற்கும். ஆதார சுருதியும் காதில் நிற்கும். டிரெபிள் தூக்கிய ஸ்பீக்கரிலோ தம்பூரா பாடகருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நரம்பின் கீறல் கேட்கும், சுருதி மெலிந்துவிடும். தகவல் கூடியிருக்கிறது, கச்சேரி குறைந்திருக்கிறது.

இதெல்லாம் அவரவர் ரசனை, இதில் அறிவியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த ஃபிளாய்ட் டூல் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து, ஒலியளவைச் சமமாக்கி, கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்னார். 1980-களின் நடுவில் வெளியான முடிவுகள் பலருக்கு வியப்பைத் தந்தன. செவித்திறன் சரியாக உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஸ்பீக்கரையே விரும்பினார்கள்: எந்தப் பகுதியையும் தூக்காமல், எதையும் விழுங்காமல், பக்கவாட்டிலும் அதே சீரோடு ஒலிப்பதை. செவித்திறன் குறைபாடு உள்ளவர்களின் மதிப்பெண்கள்தான் நாலாபக்கமும் சிதறின. ரசனை என்று நாம் சண்டை போடுவதில் ஒரு பங்கு வயதும் இரைச்சலும் செய்த வேலை.

டூல் 1991-ல் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்துக்குப் போனார். அங்கே கலிபோர்னியாவில் பின்னாளில் ஒரு சோதனை அறை கட்டினார்கள். கறுப்புத் திரைக்குப் பின்னால், காற்றழுத்தத்தில் இயங்கும் மேடை ஒரு ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு அடுத்ததை அதே இடத்துக்கு மூன்று நான்கு நொடிக்குள் கொண்டுவந்து நிறுத்தும். இடம் மாறினால் ஒலி மாறிவிடும் என்பதால் இத்தனை ஏற்பாடு. அதற்கு முன்பே, 1994-ல் டூலும் உடன் ஆய்வாளர் ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில் நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்களை முதலில் பார்க்காமலும் பிறகு பார்த்தும் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. பார்க்காமல் கேட்டபோது நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த சின்ன மலிவு ஸ்பீக்கருக்கு இறங்கியது. ஒலி அதேதான், கண் குறுக்கே வந்துவிட்டது.

என்எஸ்-10 கதையை வைத்து, ஸ்டுடியோ ஸ்பீக்கர் என்றாலே வீட்டுக்கு ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற, சுமார் ஓரடி உயரமே உள்ள ஸ்பீக்கரை வடிவமைத்தது. மீட்டரோடு நிற்காமல், மனிதர் பேசுவதை நேரில் கேட்டு ஸ்பீக்கரில் வருவதோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது பிபிசி பொறியாளர்களின் வழக்கம். மனிதக் குரலில் சிறு பிசகு வந்தாலும் எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும் அல்லவா? அந்த ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் கிடையாது, பெரிய சத்தமும் வராது. குரலோ அப்படியே வரும். வண்டிக்காகச் செய்தது உலகெங்கும் வரவேற்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். உண்மையான டீடெயிலைத் தின்பது அநேகமாக ஆம்ப்ளிஃபயரோ கேபிளோ அல்ல, அறைதான். நம் வீடுகளில் சிமென்ட் பூச்சுச் சுவர், தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட். இவற்றின்மேல் விழும் ஒலி கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி வரும். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஐந்தரை நொடிக்கு ஒலி சுற்றிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சேபைன் என்ற இளம் பேராசிரியரிடம் விட்டார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை அவரும் உதவியாளர்களும் இரவில் சுமந்து வருவார்கள். ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எப்போது அடங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அறையின் கொள்ளளவையும் அதில் ஒலியை உறிஞ்சும் பரப்பையும் கொண்டு எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம் அப்படிப் பிறந்தது.

அந்தச் சூத்திரத்தில் 12-க்கு 15 அடி, பத்தடி உயரமுள்ள வெற்று அறையைப் போட்டுப் பார்த்தால் எதிரொலி இரண்டு நொடியைத் தாண்டும். கட்டில் மெத்தை, துணி சோபா, கனத்த திரை, புத்தக அலமாரி எல்லாம் வந்தால் அரை நொடியை ஒட்டிக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு நொடி எதிரொலியில் மிருதங்கச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மழுங்கும். ‘டீடெயில் பத்தவில்லை’ என்று போய் டிரெபிள் தூக்கிய ஸ்பீக்கரை வாங்கி வருவோம். அந்த டிரெபிளும் டைல்ஸில் பட்டுத் திரும்பிக் காதைக் குத்தும். இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக மாற்றுகிறவர்கள் அதிகம். முட்டை அட்டை ஒட்டுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதன் கனம் போதாது.

பேஸ் கதை வேறு. 12 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாக நின்றுவிடும். பேஸ் கிடாரின் அடிநரம்பு 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களின் பேஸ் வரிசையில் ஒரு சுரம் மட்டும் வீங்கி, அடுத்தது காணாமல் போனால் குற்றம் வாசித்தவருடையது அல்ல, சுவருடையது. அறை சதுரமாக இருந்தால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுரத்தைத் தூக்கும், இன்னும் மோசம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள், உட்காரும் நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இந்த இரண்டிலேயே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும். பக்கச் சுவரில் வீட்டில் ஒருவரைக் கண்ணாடி பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் முதல் எதிரொலி வரும் இடம். அங்கே ஒரு புத்தக அலமாரியோ தடித்த துணியோ இருக்கட்டும்.

ஈக்வலைசர் ஆப் வைத்து அறையில் அளந்த ஒலி வளைவை நேர்கோடாக்க முனைகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல ஸ்பீக்கர் எதிரொலியற்ற அறையில்தான் நேர்கோடாக இருக்கும். வீட்டு அறையில் அதன் பேஸ் எல்லாத் திசையிலும் பரவிச் சுவர்களில் பட்டுச் சேரும். டிரெபிள் நேராகப் போகும். ஆகவே கேட்கும் இடத்தில் அளந்தால் கோடு வலப்பக்கம் மெல்லச் சரியும். அந்தச் சரிவு இருக்க வேண்டியது. 1974-லேயே டென்மார்க்கின் புரூயெல் அண்ட் கியேர் அளவைக் கருவி நிறுவனம் இப்படிச் சரியும் வளைவைத்தான் வீட்டுக்குப் பரிந்துரைத்தது. நேர்கோடாக்கிக் கேட்டால் பாட்டு வற்றலாகிவிடும்.

ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாட்டு சப்பென்றிருப்பதற்கும் விடை பழையது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் கண்டது: சத்தம் குறையக் குறைய நம் காதுக்குப் பேஸ் அதைவிட வேகமாகக் குறையும். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாகக் கேட்கும் ஒலியின் அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் 20 டெசிபலுக்கும் மேல் கூட்டித் தர வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருந்த ‘லவுட்னஸ்’ பொத்தான் இதற்குத்தான். சுத்த ஒலி பேசுகிறவர்கள் அதை இளக்காரமாகப் பார்த்து ஒழித்துக்கட்டியது ஒரு நஷ்டம்.

உயர்தெளிவுக் கோப்புகளுக்குப் பணம் கட்டும் முன்னும் யோசியுங்கள். 2007-ல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட மறைவுச் சோதனையில், உயர்தெளிவு ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் பிரித்துச் சொல்ல முயன்றவர்களுக்குப் பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது. காசு சுண்டினாலும் அதுதான் வந்திருக்கும். நல்ல பதிவா, கெட்ட பதிவா என்பது அதைவிடப் பல மடங்கு பெரிய விஷயம். 1950-களின் திரைப்பாடல்களில் தேய்ந்த தட்டின் கீறலும் இரைச்சலும் பெரும்பாலும் மேல்பகுதியில்தான் குடியிருக்கின்றன. டிரெபிள் தூக்கிய ஸ்பீக்கரில் அவைதான் முதலில் கேட்கும், பி. லீலாவும் கண்டசாலாவும் பிறகு வருவார்கள். நம்மிடம் உள்ள நல்ல பாட்டில் பாதி இப்படிப்பட்ட பதிவு. அவற்றை ஓரங்கட்டச் சொல்லும் சிஸ்டம் எத்தனை லட்சமானாலும் எனக்கு வேண்டாம்.

கடைக்குப் போகும்போது கடைக்காரர் போடும் டெமோ பாட்டை நம்பாமல் உங்களுக்கு அத்துப்படியான நாலு பாட்டை எடுத்துப் போங்கள்; ஒன்றாவது பழைய பதிவாக இருக்கட்டும், ஒன்றில் வெறும் பேச்சு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரும் காதுக்குத் தரமானதாகத்தான் படும் என்பதால், இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லி போனில் உள்ள ஒலிமானியில் சரிபாருங்கள். அரைமணி நேரமாவது உட்காருங்கள், முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.