அரசாங்க அகப்பக்கத்தை நம்புவது எப்படி, படிப்பது எப்படி?



முன்பெல்லாம் அரசாங்க அறிவிப்பு தோட்ட ஆபீசுப் பலகையில் ஒட்டப்படும். கிராணியார் படித்துச் சொல்வார். ஒட்டியவர் யார், சொன்னவர் யார் என்பது நமக்குத் தெரியும். இன்று அதே அறிவிப்பு பிள்ளைகளின் கைப்பேசியில் வருகிறது. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது மட்டும் தெரிவதில்லை. சேமநிதிப் பணமும் சொக்சோவும் உதவித்தொகையும் இந்தக் கைப்பேசி வழியே நடக்கும் காலம் இது. ஓர் அகப்பக்கத்தை எடைபோடத் தெரியாவிட்டால் முப்பது வருடம் செம்பனைக் காட்டில் உழைத்துச் சேர்த்ததை ஒரே இரவில் பறிகொடுக்க நேரிடலாம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பேசுவோம்.

முதலில் முகவரியைப் பாருங்கள். நம் நாட்டு அரசாங்க அகப்பக்கங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி புள்ளி எம்ஒய்' என்று முடியும். இந்த முடிவு அரசாங்க அமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஊழியர் சேமநிதி வாரியத்தின் முகவரி 'கேடபிள்யூஎஸ்பி புள்ளி ஜிஓவி புள்ளி எம்ஒய்'. ஏமாற்றுக்காரன் என்ன செய்கிறான்? இதே எழுத்துகளை வைத்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு போடுகிறான். கடைசியில் 'காம்' என்றோ வேறு எதுவோ சேர்க்கிறான். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது சேமநிதி வாரியம் போலவே தெரியும்.

கடிதத்து உறையில் கடைசி வரிதானே அது எந்த ஊருக்குப் போகும் என்று காட்டுகிறது? இதுவும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்த சாய்கோடு வரை சென்று, அதற்கு முன்னால் உள்ள கடைசிச் சொற்களைப் படியுங்கள். நாங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதையே பயிற்சியாகக் கொடுக்கிறோம். முகவரியைப் பின்னாலிருந்து உரக்கப் படிக்கச் சொல்கிறோம். வீட்டில் அவர்களையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிலர், "பூட்டுப் படம் இருக்கிறதே, ஐயா" என்பார்கள். நீங்கள் அனுப்பும் விவரத்தை வழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அந்தப் பூட்டுக்குப் பொருள். பக்கத்தின் சொந்தக்காரர் நல்லவர் என்று அது சொல்வதில்லை. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான் அல்லவா!

அதைவிட முக்கியம், புலனத்தில் யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்திக்கொண்டு போகாமல், முகவரியை நாமே தட்டுவது. கைப்பேசியில் ஏதோ ஒன்றைப் பதிவிறக்கி நிறுவச் சொன்னாலும், வங்கியின் கடவுச்சொல்லைக் கேட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். உதவித்தொகை தருவதற்கு எந்த அரசாங்க அலுவலகத்துக்கும் உங்கள் கடவுச்சொல் தேவையில்லை.

முகவரி சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. உண்மையான அரசாங்கப் பக்கமே பழையதாக இருக்கலாம். உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் 'பிரிம்' என்று வந்தது. 2019இல் 'பந்துவான் சாரா ஹிடுப்'. 2021இல் 'பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட்'. 2022இல் 'பந்துவான் கெலுவார்கா மலேசியா'. 2023இல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா'. பெயரைப் பார்த்தே அந்தப் பக்கத்தின் வயதைச் சொல்லிவிடலாம். பழைய பெயரில் இன்று பாரம் நிரப்பச் சொன்னால் அது கிடப்பில் போன பக்கம், இல்லையேல் வலை.

சம்பள விஷயத்தில் தேதி இன்னும் பெரிது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1ஆம் தேதி 1,500 வெள்ளியானது. ஐந்து பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதல் அது 1,700 வெள்ளி. மற்ற முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் அதே தொகை. 1,500 என்று எழுதிய பக்கம் பொய்யன்று. எழுதிய நாளில் அது சரி. ஆனால் தேதி பார்க்காமல் அதை நம்பியவருக்கு மாதம் 200 வெள்ளி நஷ்டம். பக்கத்தின் அடியில் 'கெமாஸ்கினி' என்ற சொல்லைத் தேடுங்கள். கடைசியாகப் புதுப்பித்த நாள் அங்கே இருக்கும். அதிலும் ஒரு சங்கதி உண்டு: சில இடங்களில் அந்த நாள் தானாகவே மாறிக்கொண்டிருக்கும். ஆகையால் செய்திக்குள்ளேயே 'எந்த நாள் முதல் அமல்' என்று எழுதியிருக்கிறதா எனப் பார்ப்பது நல்லது. சச்சரவு என்று வந்துவிட்டால் அரசாங்கக் கெசட்டில் வெளியான உத்தரவே நிற்கும். அகப்பக்கம் அதன் சுருக்கந்தான்.

இனி, தெளிவு. உண்மையான பக்கம், புதிய பக்கம், ஆனால் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு நம்மவர்கள் தங்கள் படிப்பைக் குறைசொல்லிக்கொள்கிறார்கள். அது தேவையில்லாத வெட்கம் என்பது எங்கள் எண்ணம். கணவரை இழந்த ஒரு பெண் சொக்சோ பக்கத்தைத் திறந்தால் 'பாயிடா ஓராங் தங்குங்கான்' என்று ஓரிடத்தில் இருக்கும்; 'பென்சென் பெனாக்காட்' என்று இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டும் பிழைத்திருக்கும் குடும்பத்துக்கான பணந்தான். வேலையால் நேர்ந்த விபத்திலோ நோயிலோ இறந்திருந்தால் முதலாவது. வேறு காரணத்தால் இறந்து, வயதும் சந்தாவும் நிபந்தனைக்குள் அடங்கினால் இரண்டாவது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் தப்பான பாரத்தை நிரப்பினால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் முதல் வகையில் சேரக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

ஆகவே ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் நம்மையே கேட்டுப் பார்ப்போம்: இது யாருக்கு உரியது? என்னென்ன பத்திரம் வேண்டும்? கடைசி நாள் எது? எங்கே கொடுப்பது? இதில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும், அந்தப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நமக்கு அது தெளிவான பக்கமன்று. மலாயில் விளங்காததை ஆங்கிலப் பகுதியில் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். அப்போதும் விளங்காவிட்டால், அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள். அடையாள அட்டையும் இறப்புப் பத்திரமும் சம்பளச் சீட்டும் கையோடு இருக்கட்டும்.

சந்தேகமான செய்தியைச் சரிபார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா புள்ளி எம்ஒய்' என்ற பக்கம் உண்டு. பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வங்கிக்கும், 997 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் பேசுங்கள். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிமிடங்களில் தாவிக்கொண்டிருக்கும்.