பக்கத்து எண்ணெய், தூரத்து விலை

அந்தமானின் மின்னி பேயில் மளிகைக் கடைக் கொக்கியில் தொங்கும் பாமாயில் பாக்கெட்டுகளை ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு பாக்கெட், ஒரே உயரம். பொடி எழுத்தில் ஒன்று 910 கிராம் என்றது, மற்றது 850. முன்னது லிட்டர். பின்னது, விலை ஏறியதைச் சொல்லாமல் சொல்லும் லிட்டர்.

இந்த எண்ணெயின் பிறந்த வீடு பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா. நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா கொஞ்ச தூரம்தான். ஆனால் எண்ணெய் ஏற்றிய கப்பல் நம் தீவுகளைத் தாண்டி சென்னை, காக்கிநாடா பக்கம் போகிறது. அங்கே சுத்திகரித்து, பாக்கெட்டில் அடைத்து, மறுபடி 1,200 கி.மீ.க்கு மேல் கடல் கடந்து இங்கே வருகிறது. வாசல் வழியே போன பால்காரரிடம் ஊர் சுற்றி வந்து பால் வாங்குகிற கதை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாற, எல்லோரும் பாமாயிலுக்குத் தாவினார்கள். மார்ச்சில் மலேசியச் சந்தையில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. தன் மக்களுக்கே எண்ணெய் எட்டாக்கனியாவதைப் பார்த்த இந்தோனேசியா ஏப்ரல் 28-இல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மே 23-இல் விலக்கியது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அதே மே 13-இல் நாம் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தினோம். அவரவர் அடுப்பைக் காக்க அவரவர் கதவைச் சாத்த, வெளியே நின்றவர்களுக்கு விலை ஏறியது.

விலை ஏறிவந்த இன்னொரு வழி, பணத்தின் வழி. ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். அதை அடக்க அங்கே வட்டியை ஏற்ற, டாலர் வலுத்தது. ஜூலையில் ஒரு டாலர் 80 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதமே பாமாயில் 4,000 ரிங்கிட் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் இறக்குமதிக்கு டாலரில் பணம் கட்டுபவருக்கு அந்தச் சரிவு முழுதாகக் கிடைக்கவில்லை. நம் ரிசர்வ் வங்கியும் மே 4-இல், வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.40 சதவீதமாக்கியது. வீட்டுக்கடன் தவணை தீவிலும் ஏறியது.

விலையேற்றம் போனில் வரும். விலையிறக்கம் கப்பலில்தான் வரும். கடல் சீறி கப்பல் தள்ளிப்போகலாம் என்று தீவுக் கடைக்காரர் கூடுதல் சரக்கு வைத்திருப்பார். மெயின்லேண்டில் விலை இறங்கினாலும், பழைய விலைச் சரக்கு தீரும்வரை அவர் கை கட்டுண்டுதான் இருக்கும்.

இங்கேயே விளைவித்தால் என்ன? லிட்டில் அந்தமானில் 1970-களில் அரசே காடு வெட்டி எண்ணெய்ப்பனை நட்டது. பின்னர் விரிவாக்கம் நிறுத்தப்பட்டது. நல்லவேளை என்பேன். மிச்சக் காட்டையும் வெட்டியிருந்தாலும் அந்த எண்ணெய்க்கான விலையைக் கோலாலம்பூர் சந்தையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.